தக்காளிப் பெட்டிக்குள் ராமானுஜன் இருப்பது தெரியுமா?

ஒட்டன்சத்திரம் காய்கறி மார்க்கெட்டில் ஒரே மாதிரி 4 தக்காளிப் பெட்டிகள். அவற்றை எத்தனை விதமாகக் குவியல் பிரிக்கலாம்? நாலும் ஒன்றாக, மூன்றும் ஒன்றும், இரண்டிரண்டாக, இரண்டும் ஒன்றும் ஒன்றும், நாலும் தனித்தனியாக. ஆக, 5 விதம். இதே கேள்வியை 10 பெட்டிக்குக் கேட்டால் 42. 100 பெட்டிக்கு? 19 கோடியே 5 லட்சத்து 69 ஆயிரத்து 292 விதம்! நம்ப முடிகிறதா?

200 பெட்டிக்கு விடை 3 லட்சத்து 97 ஆயிரத்து 299 கோடியே 90 லட்சத்து 29 ஆயிரத்து 388. இதைக் கம்ப்யூட்டர் இல்லாத காலத்தில் கையாலேயே கணக்கிட்டவர் மேஜர் மக்மஹோன். இந்தியாவில் பணியாற்றிய பிரிட்டிஷ் பீரங்கிப் படை அதிகாரி! ஒவ்வொரு எண்ணுக்கும் முந்தைய எண்களின் விடைகளைக் கூட்டிக் கழித்து, 200 வரை ஏறினார்.

ஈரோட்டில் பிறந்த நம் கணித மேதை ராமானுஜன் அந்தப் படிகளில் ஏறவே இல்லை. ஆங்கிலேயக் கணிதவியலாளர் ஹார்டியுடன் சேர்ந்து 1918இல் அவர் வெளியிட்ட சூத்திரம் நேராக 200க்கே தாவுகிறது. அதன் முதல் 8 உறுப்புகளைக் கூட்டினாலே மக்மஹோனின் விடை வந்துவிடுகிறது. வித்தியாசம் வெறும் 0.004! எத்தனை முறை படித்தாலும் எனக்குச் சிலிர்க்கிற இடம் இது. 1937இல் ராடமாக்கர் என்ற கணிதவியலாளர் அந்தச் சூத்திரத்தை முற்றிலும் துல்லியமாக்கினார்.

அந்தச் சூத்திரம் இப்போது எங்கே இருக்கிறது தெரியுமா? கணித மென்பொருள்களின் பில்ட்-இன் ஃபங்ஷன்களுக்குள்! பிரான்சின் போர்டோ நகரில் பிறந்த ‘பாரி ஜிபி’ என்ற இலவச மென்பொருளில் ‘நம்ப்பார்ட்’ என்று ஒரு ஃபங்ஷன். அடைப்புக்குறிக்குள் 200 என்று போட்டு என்டர் தட்டினால், கண் சிமிட்டுவதற்குள் விடை. 10 லட்சம் என்று கொடுத்துப் பாருங்கள்: 1,108 இலக்கங்கள் கொண்ட எண் திரையில் கொட்டும்!

ராமானுஜன் ஆராய்ந்த ‘டௌ’ எண்களைக் கணக்கிட, ‘ராமானுஜன்டௌ’ என்று அவர் பெயரிலேயே ஒரு ஃபங்ஷனும் அதில் உண்டு. மேத்தமேட்டிகா என்ற மென்பொருளிலும் உண்டு. அவருடைய இன்னொரு சூத்திரமும் கம்ப்யூட்டருக்கு உதவியது. ‘பை’யின் மதிப்புக்கு அவர் 1914இல் தந்த தொடரில் ஒவ்வோர் உறுப்பும் ஏறக்குறைய 8 இலக்கங்களைச் சரியாகத் தருகிறது. அதை வைத்தே 1985இல் பில் காஸ்பர் என்ற கணிதவியலாளர் ‘பை’க்கு 1 கோடியே 70 லட்சம் இலக்கங்களுக்கு மேல் கண்டார்!

ஒட்டன்சத்திரம் பள்ளி ஆசிரியர்களே, உங்கள் கம்ப்யூட்டர் லேபில் ‘பாரி ஜிபி’யை ஏற்றுங்கள், காசு வேண்டாம். முதலில் பிள்ளைகளை 5 பெட்டிக்குக் கையால் எழுதிப் பார்க்கச் சொல்லுங்கள். விடை 7. அப்புறம் என்டர் தட்டச் சொல்லுங்கள்.