காலைப் பசியாறலுக்கு ஒரு குவளைக் கீரைப்பழச் சாறு



கெடா மாநிலத்துத் தோட்டங்களில் காலை வேளை எப்படித் தொடங்கும் என்பது உங்களுக்குத் தெரியாததன்று. பொழுது விடியுமுன் பெரட்டுக்குப் போக வேண்டும். பால் வெட்டப் போகிறவர்களுக்கும் செம்பனைக் குலை வெட்டப் போகிறவர்களுக்கும் அந்த நேரத்தில் உட்கார்ந்து பசியாற ஏது அவகாசம்? கடுந்தேநீர் ஒரு குவளை, ரொட்டி இரண்டு துண்டு, அவ்வளவுதான். இன்று தோட்டத்தை விட்டுச் சுங்கை பட்டாணியிலும் கூலிமிலும் குடியேறி, தொழிற்சாலைப் பேருந்துக்குக் காத்து நிற்கும் நம் பிள்ளைகளின் காலைப் பசியாறலும் பெரும்பாலும் இதுவே. தேநீரில் கெட்டிப் பால் சேர்ந்திருக்கலாம். ரொட்டிக்குப் பதில் ரொட்டி சானாய் வந்திருக்கலாம். கீரையும் பழமும் மட்டும் காலை வேளையில் நம் வீடுகளில் இடம் பெறுவதே இல்லை.

இதனால் விளையும் கேடு என்ன? 2019ஆம் ஆண்டில் மலேசிய சுகாதார அமைச்சு நாடு முழுவதும் நடத்திய சுகாதார ஆய்வு ஒன்று, 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் நூற்றுக்கு ஏறக்குறைய 30 பேருக்கு இரத்தச்சோகை இருப்பதாகக் கண்டது. நாட்டிலுள்ள பெரியவர்களில் நூற்றுக்கு 95 பேர் போதிய அளவு காய்கறியும் பழமும் உண்பதில்லை என்றும் அதே ஆய்வு தெரிவித்தது. நீரிழிவு நோயோ இந்தியர்களிடையே நூற்றுக்கு 31 பேருக்கு இருந்தது. மற்ற இனத்தவரைவிட நமக்கே அது அதிகம்.

இரத்தச்சோகை கண்ட தாய் படியேறினால் மூச்சு வாங்குவார். மாலையானால் கால்கள் ஓய்ந்துவிடும். வெறும் வயிற்றோடு பள்ளிக்கு வரும் பிள்ளை பத்து மணிக்கெல்லாம் மேசைமீது தலை சாய்த்துவிடும். நாம் அதைச் சோம்பல் என்று கடிந்துகொள்கிறோம். ஆகவே, வீட்டைச் சுற்றிக் கிடைக்கும் கீரையையும் பழத்தையும் கொண்டு காலையில் ஒரு குவளைச் சாறு செய்வது எப்படி, அதில் எதைச் சேர்க்கலாம், எதைச் சேர்க்கவே கூடாது என்பதை இன்று பார்ப்போம்.

முதலில் கீரைக்குப் பழம் ஏன் துணையாக வேண்டும் என்பதைத் தெரிந்துகொள்ளுங்கள். கீரையில் இரும்புச்சத்து இருக்கிறது; ஆயினும் மீனிலும் இறைச்சியிலும் உள்ள இரும்புச்சத்தைப் போல அது எளிதில் உடலில் சேர்வதில்லை. பெரும்பகுதி வீணே வெளியேறிவிடும். கீரையோடு வைட்டமின் ‘சி’ நிறைந்த பழத்தையும் சேர்த்து உண்டால், அந்த இரும்புச்சத்தை உடல் கூடுதலாக ஏற்றுக்கொள்ளும். கொய்யா, பப்பாளி, எலுமிச்சை, ஆரஞ்சு ஆகியவை இவ்வகைப் பழங்கள்.

தேநீர் இதற்கு நேர்மாறான வேலையைச் செய்கிறது. தேநீரின் துவர்ப்புக்குக் காரணமான பொருள்கள் கீரையின் இரும்புச்சத்தைப் பற்றிக்கொண்டு உடலில் சேரவிடாமல் தடுக்கின்றன. உணவோடு கடுந்தேநீர் குடித்தால் உடலில் சேரும் இரும்புச்சத்து பாதிக்கும் கீழே குறைந்துவிடலாம். காப்பிக்கும் இக்குணம் உண்டு. அதற்காகத் தேநீரை அடியோடு நிறுத்திவிடுங்கள் என்று நான் சொல்லவில்லை. அதைப் பசியாறலிலிருந்து ஒரு மணி நேரம் தள்ளி வைத்தாலே போதும். பால் வெட்டுகிறவர்கள் வீட்டில் சாற்றைக் குடித்துவிட்டு, தேநீரைப் புட்டியில் எடுத்துச் செல்லலாம். மரம் வெட்டி முடித்துப் பால் எடுப்பதற்கு முன் சற்று ஓய்வு கிடைக்கிறதல்லவா? அப்போது அருந்தலாம்.

இனி, செய்முறைக்கு வருவோம். நால்வர் உள்ள குடும்பத்துக்கு வேண்டியவை இவை. காம்பு நீக்கிய முருங்கைக்கீரை இரண்டு கைப்பிடி. கனிந்த சிறிய பப்பாளிப் பழத்தில் பாதி. பெரிய கொய்யாப்பழம் ஒன்று. லீமாவ் கஸ்தூரி என்னும் சிற்றெலுமிச்சை நான்கு. வறுத்த நிலக்கடலை இரண்டு மேசைக்கரண்டி. காய்ச்சி ஆறிய நீர் மூன்று குவளை. உப்பு ஒரு சிட்டிகை.

முருங்கை இலையை ஓடும் குழாய் நீரில் மூன்று நான்கு முறை அலசுங்கள். கொதிக்கும் நீரில் போட்டு, இரண்டு மூன்று நிமிடங்களில் இறக்கி, வடித்து ஆறவிடுங்கள். இதை முந்திய இரவே செய்து குளிர்பெட்டியில் வைத்துக்கொண்டால் காலையில் அவசரப்பட வேண்டியதில்லை. காலையில் கொய்யாவின் கெட்டி விதைகளைக் கரண்டியால் வழித்தெடுத்துவிட்டு, பழங்களை நறுக்கி, கீரை, கடலை, நீர் ஆகியவற்றோடு அரைவைச் சாடியில் இட்டு நன்றாக அரையுங்கள். கடைசியில் எலுமிச்சையைப் பிழிந்து உப்பைச் சேருங்கள். அரைவைச் சாடி இல்லாத வீட்டிலும் கவலையில்லை. கீரையையும் கடலையையும் அம்மியில் மைய அரைத்து, கையால் பிசைந்த பப்பாளியோடு கரைத்துக்கொள்ளலாம். கொய்யாவைத் துண்டாக்கிக் கையில் கொடுத்துவிடுங்கள்.

இந்தச் சாற்றில் ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு வேலை உண்டு. கொய்யா 100 கிராமில் ஏறத்தாழ 200 மில்லிகிராம் வைட்டமின் ‘சி’ இருக்கிறது. ரகத்துக்கு ரகம் இது சற்றுக் கூடும், குறையும். ஆரஞ்சில் இருப்பதைவிட இது பல மடங்கு. வளர்ந்தவர் ஒருவருக்கு நாளொன்றுக்கு 70 மில்லிகிராம் வேண்டும் என்பது நம் நாட்டின் பரிந்துரை. 200 கிராம் எடையுள்ள ஒரு கொய்யாவை நால்வர் பங்கிட்டுக்கொண்டாலும் ஏறக்குறைய அந்தத் தேவை நிறைவேறிவிடும். வைட்டமின் ‘சி’ சூட்டினால் அழியும். அரைத்து வைத்திருந்தாலும் குறைந்துகொண்டே போகும். அதனால்தான் கீரையை வேகவைத்து ஆறிய பிறகு பழத்தைப் பச்சையாகச் சேர்க்கிறோம். அரைத்தவுடன் குடித்துவிட வேண்டும் என்பதும் இதனால்தான்.

முருங்கைக்கீரையும் பப்பாளியும் கண்ணுக்கு உகந்த ‘ஏ’ வைட்டமினுக்கு மூலமான சத்தைத் தருகின்றன. அந்தச் சத்து உடலில் சேர்வதற்குச் சிறிது கொழுப்பு வேண்டும். அதற்காகவே நிலக்கடலை. கடலை பிடிக்காதவர்கள் ஒரு கரண்டி தேங்காய்ப்பால் விட்டுக்கொள்ளலாம்.

சாற்றை வடிகட்டாதீர்கள். வடிகட்டினால் நார்ச்சத்து சக்கையோடு போய்விடும். நார்ச்சத்து மலச்சிக்கலைத் தடுக்கும். இரத்தத்தில் சர்க்கரை மளமளவென்று ஏறுவதையும் மட்டுப்படுத்தும். சீனியோ கெட்டிப் பாலோ சேர்க்கவே வேண்டாம். பழத்தின் இனிப்பே போதும். பழத்தை அரைக்கும்போது அதிலுள்ள சர்க்கரை விரைவாக வெளிப்படும் என்பதால், நீரிழிவு உள்ளவர்கள் பழத்தைக் குறைத்துக் கீரையைக் கூட்டி அரைக் குவளை மட்டும் அருந்துங்கள். பழத்தைக் கடித்து உண்பது அவர்களுக்கு இன்னும் நல்லது.

நேயர்களே, இனிச் சொல்லப்போவதைச் சற்றுக் கவனமாகக் கேளுங்கள். கீரை நல்லது என்பதால் கண்ட கீரையையெல்லாம் பச்சையாக அரைத்துக் குடிக்கலாமா? கூடாது. இதற்கு ஒரு துயரமான சான்று உண்டு.

நம் வீட்டு வேலியோரங்களில் செக்கூர் மானிஸ் என்னும் கீரை வளர்கிறது. சாயோர் மானிஸ் என்றும் சொல்வார்கள். தமிழ்நாட்டில் தவசிக்கீரை என்பர். முட்டையோடு வதக்கியும் தேங்காய்ப்பாலில் கொதிக்கவைத்தும் மலேசியர்கள் காலங்காலமாக உண்டு வரும் கீரை இது. 1994, 1995ஆம் ஆண்டுகளில் தைவான் நாட்டில், இந்தக் கீரை உடலை மெலியச் செய்யும் என்ற பேச்சு பரவியது. அங்குள்ள பெண்கள் பலர் இதைப் பச்சையாக அரைத்து, கொய்யாச் சாறோ அன்னாசிச் சாறோ கலந்து, நாள்தோறும் வாரக்கணக்கில் குடித்தார்கள். சில வாரங்களில் அவர்களுக்கு மூச்சுத்திணறல் கண்டது. நுரையீரலின் நுண்ணிய காற்றுக்குழாய்கள் தழும்பேறி அடைத்துக்கொண்டிருப்பதை மருத்துவர்கள் கண்டனர். நூற்றுக்கும் மேற்பட்டோர் பாதிக்கப்பட்டனர். சிலர் உயிரிழந்தனர். சிலருக்கு நுரையீரலையே மாற்ற வேண்டியதாயிற்று. சாற்றை நிறுத்திய பிறகும் கெட்ட நுரையீரல் பழைய நிலைக்குத் திரும்பவில்லை. 1996ஆம் ஆண்டில் லான்செட் என்னும் மருத்துவ இதழில் இச்செய்தி வெளிவந்தது.

அவர்கள் கலந்ததும் கொய்யாச் சாறுதான். அதனால் அவர்களைக் காக்க முடியவில்லை என்பதை நினைவில் வையுங்கள். ஆகவே செக்கூர் மானிஸைச் சமைத்து அளவோடு, எப்போதாவது கறியாக உண்ணுங்கள். சாறாக ஒருபோதும் குடிக்காதீர்கள். உடல் மெலியும் என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள்.

அடுத்து, மரவள்ளிக் கொழுந்து. ஜப்பானியர் ஆட்சிக்காலமான 1941 முதல் 1945 வரையிலான பஞ்சத்தில் தோட்டமக்களின் உயிரைக் காத்தது மரவள்ளி. ஆனால் அதன் இலையில் சயனைடு என்னும் கொடிய நஞ்சாக மாறக்கூடிய பொருள் இருக்கிறது. பச்சை இலையை நசுக்கும்போதுதான் அந்த நஞ்சு வெளிப்படுகிறது. அரைவைச் சாடி செய்வதும் அந்த நசுக்கும் வேலையைத்தான். எனவே மரவள்ளிக் கொழுந்தை மூடாத பாத்திரத்தில் நிறைய நீர் விட்டு நன்றாக வேகவைத்து, அந்த நீரைக் கொட்டிவிட்டுக் கறி சமைக்க வேண்டும். சாற்றுக்கு அது உதவாது.

பசலைக்கும் பாயாம் என்று சந்தையில் விற்கும் தண்டுக்கீரைக்கும் இவ்வளவு ஆபத்து இல்லை. எனினும் அவற்றில் ஆக்சாலிக் அமிலம் உண்டு. சிறுநீரகத்தில் கல் உண்டாகக்கூடியவர்களுக்கு அது ஆகாது. கொதிநீரில் வேகவைத்து நீரை வடித்துவிட்டால் அதில் ஒரு பகுதி குறையும். நாள்தோறும் ஒரே கீரையை நாடாமல், ஒரு நாள் முருங்கை, ஒரு நாள் பாயாம், ஒரு நாள் வல்லாரை என்று மாற்றிக்கொள்வது நலம்.

வல்லாரையை, மலாய்க்காரர்களின் பெகாகாவை, பச்சையாகவே உண்பது இங்கு வழக்கம். ஆனால் அது எங்கே முளைத்தது என்று பாருங்கள். கால்வாய் ஓரத்தில் பறித்ததாயின், மாட்டுச் சாணமும் எலியின் சிறுநீரும் கலந்த நீர் அதன்மீது பட்டிருக்கலாம். எலிக்காய்ச்சல் பரவுவது எலியின் சிறுநீரால்தான். ஆகவே வல்லாரையை வீட்டில் ஒரு பழைய வாளியில் மண் இட்டு வளர்த்துக்கொள்ளுங்கள். ஈரமான நிழலில் அது தானே படர்ந்துவிடும்.

தோட்டத்து மரநிரைகளுக்கிடையே முளைக்கும் கீரையைப் பறிக்கவே பறிக்காதீர்கள். களைக்கொல்லி மருந்து அடிப்பது அங்கேதான். பாராகுவாட் என்னும் கடும் நஞ்சை அரசாங்கம் 2020 ஜனவரி முதல் தடைசெய்துவிட்டது. என்றாலும் வேறு களைக்கொல்லிகள் புழக்கத்தில் இருக்கின்றன. மருந்து பட்ட இலை எது, படாத இலை எது என்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. மருந்து இருந்த புட்டியைக் கழுவி அதில் சாறு கொண்டு போவதும் கூடாது.

சாறு எல்லாருக்கும் ஏற்றதா என்றும் கேட்பீர்கள். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள், இரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் மாத்திரை உண்பவர்கள் ஆகியோர் மருத்துவரைக் கேட்டபின்பே தொடங்க வேண்டும். கீரை அந்த மாத்திரையின் வேலையைக் குறைக்கக்கூடும். கர்ப்பிணிகள் காயான, பால் வடியும் பப்பாளியைத் தவிர்க்கவும். மருத்துவமனையில் கொடுத்த இரும்புச்சத்து மாத்திரையை, சாறு குடிக்கிறோம் என்று நிறுத்திவிடக் கூடாது. ஏற்கெனவே வந்துவிட்ட இரத்தச்சோகையைச் சாறு மட்டும் தீர்த்துவிடாது.

அதுபோலவே, சாறு மட்டும் பசியாறலாகிவிடாது. உடலுழைப்பாளிக்கும் வளரும் பிள்ளைக்கும் அதோடு இட்டிலியோ தோசையோ, அவித்த முட்டையோ, வேகவைத்த கொண்டைக்கடலையோ வேண்டும். தட்டில் பாதி காய்கறியும் பழமும், கால் பகுதி சோறு அல்லது ரொட்டி, கால் பகுதி மீன், முட்டை, பருப்பு போன்றவை இருக்கட்டும் என்பதுதான் சுகாதார அமைச்சு சொல்லும் ‘கால், கால், பாதி’ என்னும் அளவு. அந்தப் பாதியைக் காலையிலேயே நிரப்பத் தொடங்க இந்தச் சாறு ஒரு வழி.

செலவைப் பற்றி அஞ்ச வேண்டாம். முருங்கைக் கொம்பு ஒன்றை நட்டால் அது மரமாகிவிடும். கெடாவில் மழை குறைந்து வெயில் காயும் ஜனவரி, பிப்ரவரி மாதங்களையும் தாங்கி நிற்கும். பப்பாளி விதை போட்ட ஓராண்டுக்குள் காய்க்கத் தொடங்கும். கொய்யா ஒன்று கொல்லையில் இருந்தால் ஒரு குடும்பத்துக்குப் போதும். அடுக்குமாடி வீடுகளில் இருப்பவர்கள் வாளியில் வல்லாரை வளர்த்துக்கொண்டு, பழத்தைப் பாசார் மாலாமில் வாங்கலாம்.

தாய்மார்களே, இந்த வாரம் ஒரே ஒரு நாள் செய்து பாருங்கள். பச்சை நிறத்தைக் கண்டு பிள்ளைகள் முகம் சுளித்தால், முதல் நாள் கீரையை அரைக் கைப்பிடியாகக் குறைத்துப் பப்பாளியைக் கூட்டிக் கொடுங்கள். பழகப் பழகக் கீரையைக் கூட்டிக்கொள்ளலாம். இலை பறிக்கும் வேலையையும் எலுமிச்சை பிழியும் வேலையையும் அவர்களிடமே விடுங்கள். தன் கையால் செய்ததைக் குடிக்கப் பிள்ளை மறுப்பதில்லை.