உயரம் பாய்தலும் கல்வியும்

பரீட்சை அண்மிக்குங்கால் பிள்ளையை விளையாட்டிடத்தினின்றும் மீட்டு, மாலை வகுப்பிற்கு அனுப்புதலே தம் கடமையெனப் பெற்றோர் பலர் கருதுகின்றனர். அதனால் பிள்ளை இழப்பது யாதென்பதை உயரம் பாய்தல் ஒன்றைக்கொண்டே விளக்கலாம்.

இப்போட்டியில் ஓர் உயரத்தைத் தாண்டியதும் குறுக்குக்கோல் மேலும் உயர்த்தப்படும். அடுத்தடுத்து மும்முறை தவறியவன் விலகல் வேண்டும். ஆதலின் முதலிடம் பெற்றவனும் பெரும்பாலும் கோலை வீழ்த்தியே போட்டியை முடிக்கிறான். 1958 இல் தோக்கியோவில் 2.03 மீற்றர் பாய்ந்து, ஆசிய விளையாட்டு விழாவில் இலங்கைக்கு முதற் பொற்பதக்கம் ஈட்டிய நாகலிங்கம் எதிர்வீரசிங்கம் யாழ்ப்பாணம் மத்திய கல்லூரியின் பழைய மாணவர். 1952 இல் எல்சிங்கியிலும் 1956 இல் மெல்போணிலும் நடந்த ஒலிம்பிக் போட்டிகளிலிருந்து பதக்கமின்றித் திரும்பியவர்.

வகுப்பறையில் தவறு சிவப்பு மையாற் குறிக்கப்படும், வீட்டிலுங் கடியப்படும். களத்திலோ, தவறியவன் உடன் எழுந்து, தன் ஓட்டத்தின் அடிகளைத் திருத்திக்கொண்டு மீண்டும் ஓடுகிறான். மற்றை இல்லத்தவனுங் கைதட்டுகிறான். விவாத மேடையில் நாத் தடுமாறியவனும் அடுத்த கூட்டத்திற் பேசவேண்டியவனே. (பரிசில் வெல்லக்கூடிய நால்வரை மட்டும் பயிற்றி, ஏனையோரைப் பந்தலில் இருத்தும் பாடசாலைகளுக்கு இப்பயன் கிட்டுமா என்பது ஐயமே.)

விளையாட்டினாற் படிப்புக் கெடும் என்பாரும் உளர். எதிர்வீரசிங்கம் பின்னர் கோணெல் பல்கலைக்கழகத்திற் கலாநிதிப் பட்டம் பெற்றார்.