இரவச்சமும் ஆலய வாசலும்

திருக்குறளிலே 105ஆம் அதிகாரம் நல்குரவு. 106ஆம் அதிகாரம் இரவு. 107ஆம் அதிகாரம் இரவச்சம். இம்மூன்றினையும் இருபத்தைந்து ஆண்டுகளாக வகுப்பிலே கற்பித்து வருகின்றேன். ஆயினும், இவை ஒன்றன்பின் ஒன்றாய் அமைந்தமையின் பொருளை எனக்கு உணர்த்தியவன் என் மாணவன் ஒருவனே.

ஒருநாள் இரவச்சத்தை விரித்துரைத்தேன். இரத்தலின் இழிவைப் பலபட எடுத்துக் கூறினேன். என் பேச்சின் சுவையில் யானே மயங்கினேன் என்றுஞ் சொல்லலாம். பின்வரிசையில் இருந்த அம்மாணவன் நிமிர்ந்து பார்க்கவில்லை. மறுநாள் தொடங்கி ஒரு கிழமை கல்லூரிக்கு வரவுமில்லை.

சனிக்கிழமை அவன் வீட்டுக்குச் சென்றேன். தந்தையார் அச்சுக்கோப்பவர். முன்னொருகால் என் சிறு நூலொன்றைக் கோத்தவேளை, யான் கவனியாது விட்ட சந்திப்பிழை ஒன்றைத் திருத்தித் தந்தவர். கணினி வந்தது, ஈய எழுத்துக்கள் நிறைக்கு விலைப்பட்டன, அச்சகமும் மூடப்பட்டது. அவர் வேலையற்றிருந்து நான்கு ஆண்டுகளாகின்றன.

"வாங்கோ பண்டிதர் ஐயா" என்று திண்ணையில் இருத்தினார். சற்றுநேரம் பேசாதிருந்தவர் பின் சொன்னார்: "பெடியனில குற்றமில்லை ஐயா. போன ஞாயிறு பூசை முடிய, நிவாரண அரிசி எடுக்கிற ஆக்களின்ர பேரை வாசிச்சவை. என்ர பேரும் இருந்தது. அவனுக்கு அது பொறுக்கேல்லை. நானும் இப்ப கோயிலுக்குப் போறேல்லை. காணிக்கைத் தட்டு வரேக்க கையை எங்க வைக்கிறது?"

அரிசி கொடுத்தது நன்றே, அவ்வரிசியால் அடுப்பெரிந்தது. ஆயின் கொடுத்த முறையினால் ஒரு குடும்பம் ஆலயத்தை இழந்தது. என் பாடமோ அக்குடும்பத்தின் பிள்ளையைக் கல்லூரிக்குப் புறம்பாக்கிற்று. இரு பிழைகளும் ஓரினத்தனவே.

நெடுநாள் வேலையின்மை பணமின்மை மாத்திரமன்று. ஒஸ்திரியாவிலே, வியன்னாவுக்கு அண்மையில், மரியந்தால் என்றோர் ஊர் உண்டு. அங்கிருந்த நெசவாலை மூடப்பட்டபின், 1931, 1932ஆம் ஆண்டுகளில் ஆய்வாளர் சிலர் அவ்வூரை நுணுகி ஆராய்ந்து, 1933இல் நூலாக வெளியிட்டனர். வேலையில்லாதார்க்கு நேரம் மிகுதி. ஆதலின் வாசிப்பு மிகுதிப்படும் என்றே நாம் நினைப்போம். நிகழ்ந்ததோ மறுதலை. நூலகத்தில் இரவல் பெறும் கட்டணம் நீக்கப்பட்டிருந்தும் நூல்களை எடுப்போர் குறைந்தனர். ஆடவர் தெருவிலே மெல்ல நடந்தனர்; இடையிடையே நின்றனர்; பலர் கைக்கடிகாரமும் கட்டிலர். வீட்டுவேலை ஒழியாத பெண்டிரே விரைந்து நடந்தனர். செய்யும் கருமம் ஒழிந்தால் பொழுதும் பொருளற்றதாகின்றது என்பதே அந்நூல் காட்டும் உண்மை.

ஆகவே, திருச்சபைகள் இத்தகைய குடும்பங்களுக்கு உதவப் புகுங்கால் அரிசிப் பையோடு நின்றுவிடுதல் போதாது. இதற்குக் கனடாவின் நோவா ஸ்கோசியாவிலே நல்லதோர் முன்மாதிரி உண்டு. கான்சோ என்னும் மீன்பிடி ஊரிலே பங்குக் குருவாயிருந்த ஜேம்ஸ் தொம்கின்ஸ் அடிகளார், 1921இலேயே மக்களுக்குக் கல்வி வேண்டுமென்று சிறுநூல் எழுதியவர். 1927இல் அவ்வூர் மீனவர் தம் வறுமையை நாடறியச் செய்தனர். அடுத்த ஆண்டிலே அன்ரிகோனிஷ் நகரப் புனித பிரான்சிஸ் சேவியர் பல்கலைக்கழகம் மக்கட் கல்விக்கெனத் தனிப்பகுதி ஒன்றைத் தொடங்கிற்று. அதன் முதல் இயக்குநர் மோசஸ் கோடி என்னும் குருவானவர்.

அவர்கள் செய்தது யாது? ஊர்மக்களைப் பொதுக் கூட்டத்திற்கு அழைத்தனர். பின்னர்ச் சிறுசிறு கற்கைவட்டங்களாகப் பிரித்தனர். மீனவரும் சுரங்கத் தொழிலாளரும் ஒருவர் வீட்டு அடுப்படியிலே கூடியிருந்து வாசித்தனர், கணக்குப் பார்த்தனர், நம் கையால் ஆவது என்ன என்று வினாவினர். அவ்வினாவின் பயனாகவே கடன் சங்கங்களும், கூட்டுறவுக் கடைகளும், சிங்க இறாலைப் பதனிடும் ஆலைகளும் தோன்றின. கத்தோலிக்கரும் புரட்டஸ்தாந்தரும் உடனிருந்து உழைத்தனர். அவ்வியக்கம் எல்லா வறுமையையும் தீர்த்தது என்று கூறேன். அப்பகுதியின் சுரங்கங்கள் பின்னாளில் மூடப்பட்டன. எனினும், வேலையற்றோனை இரவலனாக அன்றி, மாணாக்கனாகவும் பங்காளனாகவும் வைத்து எண்ணிற்று என்பதே அதன் சிறப்பு.

இதனால் யான் துணிந்தவை சில. உதவி பெறுவோரின் பெயர் எவர் செவியிலும் விழலாகாது. வேலை ஒழிந்த முதல் மாதத்தில் வரும் அன்பு மூன்றாம் ஆண்டிலும் வரல் வேண்டும். நெடுநாள் துன்பத்திற்கு நெடுநாள் துணையே மருந்து. சபையிலே கடை வைத்திருப்போரும் உத்தியோகத்தரும் தாம் அறிந்த வேலைகளைப் பிறர்க்கு அறிவித்தல் வேண்டும். புதுத்தொழில் பயில்வோர்க்குப் பயிற்சிக் கட்டணமும் வழிச்செலவும் உதவலாம். பூட்டிக் கிடக்கும் மண்டபத்தைக் கற்கைவட்டத்துக்குத் திறந்துவிடலாம். மனைவியின் சுமையையும் பிள்ளையின் நாணத்தையும் கேட்டறிய ஒருவர் வேண்டும். இவற்றுட் பெரும்பாலனவற்றுக்குப் பெரும்பொருள் தேவையில்லை.

இவற்றைப் பங்குச் சுவாமியாரிடம் எடுத்துச் சொன்னேன். பொறுமையுடன் கேட்டார். "பெயர் வாசித்தது எங்கள் பிழை" என்றார். பெயர் வாசிக்கும் வழக்கம் அன்றே நின்றது. ஆலயத்தின் ஆண்டுமலருக்கு ஒப்புநோக்கும் பணியை உரிய கூலியோடு அவ்வச்சுக்கோப்பவருக்கு அளித்தார். அது மூன்று மாத வேலை. அதன்பின் என்னாகும் என்பது இன்னும் தெளிவில்லை. ஆயினும் அவர் கையில் மறுபடியும் சிவப்பு மைப் பேனா இருக்கின்றது. முதலில் ஆலயத்தின் பக்கவாசலாற் சென்றவர், இப்பொழுது முன்வாசலாற் செல்கின்றார்.

மாணவனும் திரும்பி வந்தான். யான் அவ்வதிகாரத்தை மீண்டும் எடுத்தேன். இம்முறை, இரத்தலின் இழிவைச் சொல்லுமுன், ஒருவனை இரக்கும் நிலைக்கு விட்டுவைத்த ஊரின் இழிவைச் சொன்னேன். அச்சம் இரப்பவனுக்கு மட்டும் உரியதன்று. அயலானை அந்நிலைக்கு விட்டுவிடலாகாதே என்னும் அச்சம் நமக்கும் வேண்டும் என்றேன். பின்வரிசையில் ஒரு தலை நிமிர்ந்தது.