கல்லூரி ஸ்பிரிண்ட் கோச்: சம்பளம் இல்லாத முதல் படி

அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள்ல ஸ்பிரிண்ட் கோச்சா இருக்கிறவங்க அந்த வேலைக்கு எப்படி வந்து சேர்றாங்க, வந்தபிறகு அது எவ்வளவு நிலையானது? இந்த எபிசோட்ல அதைத்தான் பார்க்கப் போறோம்.

ஒரு பெரிய தடகள அணியில தலைமைக் கோச்சுக்குக் கீழ, எறிதல், தாண்டுதல், நெடுந்தூர ஓட்டம்னு தனித்தனி ஆள் இருப்பாங்க. 100, 200, 400 மீட்டரும் தொடர் ஓட்டமும் ஸ்பிரிண்ட் கோச்சோட பொறுப்பு. பல இடங்கள்ல தடை ஓட்டமும் இவர் தலையிலதான்.

பெரும்பாலும் இவங்க முன்னாள் ஓட்டக்காரங்க. சிலர் முதுகலை படிச்சுக்கிட்டே, கட்டணச் சலுகைக்கும் சின்ன உதவித்தொகைக்கும் கிராஜுவேட் அசிஸ்டென்ட்டா சேருவாங்க. இன்னொரு வழி இதைவிடக் கஷ்டம். என்சிஏஏ முதல் பிரிவுல 2023 ஜூலை வரைக்கும் 'வாலன்டியர் கோச்'னே ஒரு இடம் இருந்துச்சு. மைதானத்துல மத்தவங்களோட சேர்ந்து வேலை பார்ப்பாங்க, ஆனா சம்பளம் கிடையாது. கோடை முகாம் நடத்திச் சமாளிச்சவங்க உண்டு. நான் கோட் எழுதுறவன். வேலைக்குச் சேர்ந்த முதல் மாசமே எனக்குச் சம்பளம் வந்துச்சு, அதனால இதைப் படிச்சப்போ கொஞ்சம் உறுத்துச்சு. இப்போ அந்த விதி இல்ல. ஆனா சம்பளம் கொடுக்கலாம்னுதான் புது விதி சொல்லுது. கொடுக்கிறதும் கொடுக்காததும் கல்லூரியோட பட்ஜெட்டைப் பொறுத்தது.

அடுத்தது முழுநேர உதவிக் கோச். இங்க ஸ்டாப்வாட்ச் பிடிக்கிறது பாதி வேலைதான். மீதி பாதி, பள்ளிக்கூடத்துப் பசங்களைத் தேடிப் பிடிச்சு, அவங்க வீட்டுல பேசி, தன் கல்லூரிக்குக் கூட்டிட்டு வர்றது. தேசியப் போட்டி இறுதியில முதலிடத்துக்கு 10 புள்ளி, எட்டாவது இடத்துக்கு 1. ஒரே ஆள் 100, 200, தொடர் ஓட்டம் மூணுலயும் ஓடலாம். அப்படி ஒருத்தர் கிடைச்சா கோச்சோட மதிப்பு ஏறும். அந்த ஆளுக்குத் தொடைத்தசை இழுத்துக்கிட்டா இறங்கும்.

ரெண்டு பேரைப் பாருங்க. கிளைட் ஹார்ட் டெக்சாஸ்ல இருக்கிற பெய்லர் பல்கலைக்கழகத்துல ஓடினவர். 1963-ல அங்கேயே கோச்சா திரும்பி வந்து, 2005 வரைக்கும் தலைமைக் கோச்சா இருந்தார். மைக்கேல் ஜான்சன் நிமிர்ந்த உடம்போட, குட்டிக் குட்டி எட்டு வச்சு ஓடுவார். அதைத் திருத்தாம விட்டது ஹார்ட்டோட பெரிய முடிவு. அதே ஓட்டத்துலதான் ஜான்சன் 1996 அட்லாண்டாவுல 200 மீட்டரை 19.32 விநாடியில முடிச்சார்.

பட் விண்டர் கலிபோர்னியாவுல சான் ஹோசே ஸ்டேட் கோச். தாடையும் கையும் தளர்வா இருந்தாத்தான் வேகம் வரும்னு சொல்லிக் கொடுத்தவர். 1968 மெக்சிகோவுல இவர் மாணவர்கள் டாமி ஸ்மித் 200 மீட்டர்லயும் லீ எவன்ஸ் 400 மீட்டர்லயும் உலக சாதனையோட தங்கம் வாங்கினாங்க. அதே கல்லூரி 1988-ல தடகள அணியையே கலைச்சிடுச்சு.

அதனால இந்த வேலைக்குப் போக நினைக்கிறவங்களுக்கு நான் சொல்றது இதுதான்: உங்க திறமை உங்க கையில இருக்கு, ஆனா வேலை இன்னொருத்தர் காலையும் வேற யாரோ போடுற பட்ஜெட்டையும் நம்பி நிக்குது. முதல் சில வருஷச் செலவுக்கு வழி பண்ணிக்கிட்டு இறங்குங்க.

அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.