பைசா செலவில்லாமல் சொந்த இணையதளம் தொடங்குவது எப்படி? தீப்பெட்டி லேபிள் சேர்ப்பவர்களுக்கு எளிய வழி

கோவில்பட்டி,

கோவில்பட்டி, சிவகாசி, சாத்தூர் பகுதிகளில் தீப்பெட்டி ஆபீசில் வேலை பார்த்தவர்களின் வீடுகளில் தேடினால், பழைய நோட்டுக்குள்ளேயோ டிரங்குப் பெட்டியிலோ கொஞ்சம் லேபிள் கட்டாயம் இருக்கும். அணில், மயில், சாமி படம் என்று விதவிதமாக அச்சடித்த லேபிள்கள். பல சிறு ஆலைகள் மூடப்பட்டுவிட்டன. அங்கே குச்சி அடுக்கியவர்கள், பெட்டி ஒட்டியவர்களின் உழைப்புக்கு இன்று மிஞ்சியிருக்கும் சாட்சி இந்த லேபிள் மட்டும்தான். அதையும் கரையான் அரித்துக் கொண்டிருக்கிறது.

இவற்றைப் படம் எடுத்து ஊர் உலகம் பார்க்கும்படி சொந்த இணையதளத்தில் வைத்துவிடலாம். கம்ப்யூட்டர் படித்திருக்க வேண்டுமே என்று யாரும் பயப்பட வேண்டாம். இதுபற்றிய விவரம் வருமாறு:-

வாட்ஸ்அப் போதாதா?

வாட்ஸ்அப், பேஸ்புக்கில் படம் போட்டால் நாலு பேர் "சூப்பர்" என்பார்கள். மறுநாள் அந்தப் படம் எங்கோ கீழே போய்விடும். போன வருடம் போட்டதைத் தேடி எடுப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிடும். சொந்த தளம் அப்படி அல்ல. அது ஒரு ஆல்பம் மாதிரி. வைத்த இடத்தில் வைத்தபடி இருக்கும்.

இணையதளம் என்பதும் பெரிய மாயமந்திரம் கிடையாது. டிம் பெர்னர்ஸ் லீ என்ற இங்கிலாந்துக்காரர் சுவிட்சர்லாந்தில் உள்ள செர்ன் ஆராய்ச்சிக் கூடத்தில் உருவாக்கியது இது. 1993-ம் ஆண்டு ஏப்ரல் 30-ந்தேதி, இதை யார் வேண்டுமானாலும் காசு கொடுக்காமல் பயன்படுத்தலாம் என்று செர்ன் அறிவித்தது. அன்று எழுதிய முறையில் எழுதும் பக்கம் இன்றும் வேலை செய்யும்.

முதல் வேலை பேப்பரில்

எடுத்த எடுப்பில் கம்ப்யூட்டர் முன்னால் உட்காரக் கூடாது. 20 லேபிளை மட்டும் எடுத்துக்கொள்ள வேண்டும். ஒவ்வொன்றுக்கும் பிராண்டு பெயர், ஊர், அச்சிட்ட விலை, எப்படிக் கிடைத்தது என்று நோட்டில் எழுத வேண்டும்.

எந்த வருடத்து லேபிள் என்று தெரியாவிட்டால் விலையைப் பார்க்கலாம். 50 பைசாவாக இருந்த தீப்பெட்டி 2007-ல் ஒரு ரூபாய் ஆனது. 2021-ம் ஆண்டு டிசம்பர் 1-ந்தேதி முதல் 2 ரூபாய். ஆகவே 50 பைசா அச்சிட்ட லேபிள் என்றால் 2007-க்கு முந்தியது என்று ஓரளவு சொல்லிவிடலாம். அந்த லேபிளை ஒட்டியவர் வீட்டில் இருந்தால் அவர் சொல்வதையும் இரண்டு வரி எழுதிக்கொண்டால், படத்தைவிட அதுதான் மதிப்பு.

நோட்பேடு போதும்

விண்டோஸ் கம்ப்யூட்டரில் நோட்பேடு என்ற எழுதும் வசதி கூடவே வரும். அதில்தான் பக்கம் எழுத வேண்டும். இதற்கு எச்.டி.எம்.எல். என்று பெயர். எது தலைப்பு, எது பத்தி, எது படம் என்று பிரவுசருக்கு அடையாளம் சொல்லும் முறை இது. தலைப்புக்கு எச்1, பத்திக்கு பி, படத்துக்கு ஐ.எம்.ஜி., அடுத்த பக்கத்துக்குத் தாவ ஏ. இந்த நாலு குறியை ஆங்கில எழுத்தில் எழுதக் கற்றுக்கொண்டாலே முதல் பக்கம் தயார்.

சேமிக்கும்போது யு.டி.எப்.-8 என்பதைத் தேர்வு செய்ய வேண்டும். பக்கத்தின் தொடக்கத்திலும் அதைக் குறிப்பிட வேண்டும். இல்லாவிட்டால் தமிழ் எழுத்து சரியாகத் தெரியாமல் போகலாம். பைலுக்கு இண்டெக்ஸ் டாட் எச்.டி.எம்.எல். என்று பெயர் வைக்க வேண்டும். அந்தப் பைலை இரண்டு முறை தட்டினால் போதும், நெட் இல்லாமலேயே பக்கம் திறக்கும்.

படம் தெரியவில்லையா?

புதிதாகத் தொடங்குகிறவர்கள் பலரும் திண்டாடுவது இங்கேதான். வீட்டில் தெரிந்த படம், தளத்தில் ஏற்றியதும் காணாமல் போகும். காரணம் சின்னது. படத்தின் பெயரில் பெரிய ஆங்கில எழுத்தும் சின்ன ஆங்கில எழுத்தும் வேறு வேறு என்று பெரும்பாலான சர்வர்கள் எடுத்துக்கொள்ளும். வீட்டு விண்டோஸ் அதைக் கண்டுகொள்ளாது. எல்லாப் பெயரையும் சின்ன எழுத்தில், நடுவில் இடம் விடாமல் வைத்தால் பிரச்சினையே வராது.

செல்போனில் எடுத்த படம் பல எம்.பி. இருக்கும். அதை 200 கே.பி. அளவுக்குக் குறைத்துப் போட வேண்டும். படம் எடுத்த இடத்தின் விவரமும் பைலுக்குள் ஒளிந்திருக்கும் என்பதால் கேமராவில் லொகேஷனை அணைத்துவிட்டு எடுப்பது நல்லது. வீட்டு முகவரி, குழந்தைகள் போட்டோ வேண்டவே வேண்டாம்.

எங்கே ஏற்றுவது?

நியோசிட்டீஸ், கிட்ஹப் பேஜஸ் போன்றவை இலவசமாக இடம் தருகின்றன. இரண்டிலும் ஒரு ஜி.பி. வரை வைக்கலாம். 200 கே.பி. படம் என்றால் ஆயிரக்கணக்கான லேபிள் தாங்கும்.

சொந்தப் பெயர் வேண்டும் என்றால் மட்டும் காசு. டாட் இன் என்று முடியும் பெயருக்கு வருடம் சில நூறு ரூபாய் ஆகும். முதல் வருடம் மலிவாகக் கொடுத்துவிட்டு இரண்டாம் வருடம் விலையை ஏற்றுவது உண்டு. புதுப்பிக்கும் கட்டணம் எவ்வளவு என்று முதலிலேயே பார்த்துக்கொள்ள வேண்டும்.

"எல்லாம் நான் பார்த்துக்கிறேன் அண்ணாச்சி, பணத்தை மட்டும் கொடுங்க" என்று யாராவது சொன்னால் உஷார். பெயர் பதிவு உங்கள் பெயரில், உங்கள் இ-மெயிலில் இருக்க வேண்டும். பாஸ்வேர்டு உங்கள் கையில் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் நீங்கள் சேர்த்தது எல்லாம் அடுத்தவர் வீட்டில் வைத்த சாமான் மாதிரிதான்.

ஒரே நாளில் மறைந்த தளங்கள்

ஜியோசிட்டீஸ் என்ற இலவச சேவை 1994-ல் தொடங்கியது. உலகம் முழுவதும் லட்சக்கணக்கானோர் தங்கள் முதல் பக்கத்தை அதில்தான் கட்டினார்கள். 1999-ல் யாகூ நிறுவனம் இதை வாங்கியது. 2009-ம் ஆண்டு அக்டோபரில் இழுத்து மூடிவிட்டது. ஆர்வலர்கள் சிலர் ஓடிஓடி ஒரு பகுதியைக் காப்பாற்றினார்கள். வீட்டில் நகல் வைத்திருந்தவர்கள் வேறு இடத்தில் ஏற்றிக்கொண்டார்கள். நகல் இல்லாதவர்கள் பலருக்குப் பக்கம் போனது போனதுதான்.

எனவே தளத்தின் எல்லாப் பைலையும் ஒரே போல்டரில் வைத்து, ஒரு பென் டிரைவிலும் நகல் எடுத்து வைக்க வேண்டும். புதிதாக ஒரு லேபிள் ஏற்றினாலும் அன்றைக்கே நகல் எடுக்க வேண்டும். அப்படிச் செய்தால் எந்தக் கம்பெனி கடையை மூடினாலும் கவலையில்லை. பத்து நிமிடத்தில் வேறு இடத்தில் ஏற்றிவிடலாம்.

1922-ல் சிவகாசியைச் சேர்ந்த அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவுக்குப் போய் தீப்பெட்டித் தொழிலைக் கற்றுக்கொண்டு ஊர் திரும்பினார்கள். அங்கே தொடங்கிய கதையின் ஒரு துண்டு உங்கள் வீட்டுப் பெட்டியிலும் இருக்கலாம். 20 லேபிளும் ஒரு ஞாயிற்றுக்கிழமையும் இருந்தால் போதும், தொடங்கிவிடலாம்.