அலுமாரிக்குள் ஒரு வானொலி நிலையம்

கொழும்பு வெள்ளவத்தைத் தொடர்மாடியில் பொட்காஸ்ட் பதிவுசெய்பவருக்கு முதல் எதிரி கடலோர ரயில். மறுபக்கம் காலி வீதி பஸ்களின் ஹோர்ன். கொட்டாஞ்சேனையிலோ கோயில் மணியும் தேவாலய மணியும். உடுப்பு நிறைந்த அலுமாரியைத் திறந்துவைத்து அதன் முன்னால் இருந்து பேசினால், துணி எதிரொலியை விழுங்கிவிடும். ரயிலை விழுங்காது, அது போகும்வரை பொறுக்கத்தான் வேண்டும்.

கொழும்பின் முதல் ஒலிபரப்பும் கைக்குக் கிடைத்ததை வைத்துச் செய்ததுதான். தந்தித் திணைக்களப் பொறியியலாளர் எட்வர்ட் ஹார்ப்பர், பிடிபட்ட ஜெர்மன் நீர்மூழ்கியொன்றின் வானொலிப் பாகங்களால் ஒலிபரப்பி அமைத்து, 1923இல் மத்திய தந்தி அலுவலகத்தின் சிறிய அறையொன்றிலிருந்து இசைத்தட்டுகளை ஒலிக்கவிட்டார். 1925 டிசம்பரில் முறையான சேவை தொடங்கியது. பின்னாளில் இலங்கை வானொலியின் சிற்றலை மேல்வானத்து அயனி மண்டலத்தில் பட்டுத் திரும்பி, அறிவிப்பாளர் எஸ். பி. மயில்வாகனனின் குரலைத் தமிழ்நாட்டு வீடுகளுக்குள் கொண்டுபோனது.

பொட்காஸ்டுக்குக் கோபுரமும் இல்லை, அலைவரிசையும் இல்லை. ஒலிக்கோப்பு இணையத்தில் ஓரிடத்தில் கிடக்கும். நிகழ்ச்சியின் தலைப்பு, திகதி, ஒலிக்கோப்பின் முகவரி ஆகியவற்றைச் சொல்லும் சிறு பட்டியல் ஒன்றும் கூடவே இருக்கும். கேட்பவரின் செயலி இடையிடையே அந்தப் பட்டியலை எட்டிப் பார்த்து, புதிது வந்திருந்தால் எடுத்து வரும். விநாடிக்கு 64 கிலோபிட் அளவில் பதிந்த ஒரு மணி நேரப் பேச்சு, 29 மெகாபைட்டுக்குள் அடங்கிவிடும். வானொலியை நூறு பேர் கேட்டாலும் இலட்சம் பேர் கேட்டாலும் ஒலிபரப்பியின் மின்செலவு ஒன்றுதான். இங்கே ஆளுக்கொரு பிரதி போகவேண்டும்; டேட்டாக் காசு கேட்பவர் தலையில்.

இரண்டு நண்பர்கள் கதைத்துச் சிரிப்பதையும் சமூகப் பொட்காஸ்ட் என்கிறார்கள். எனக்கு அது போதாது; அயலவரின் கேள்வியும் அதில் வேண்டும். 1989இல் இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனத்தின் கீழ் தொடங்கிய கொத்மலை சமூக வானொலி, 1990களின் இறுதியில் யுனெஸ்கோ உதவியோடு ஒரு நல்ல வேலை செய்தது. ஊரவர் கேள்வி அனுப்புவார்கள். அறிவிப்பாளர் இணையத்தில் தேடி, விடையை ஊர்ப் பேச்சில் வானொலியில் விளக்குவார். கணினியைத் தொடாதவருக்கும் இணையம் கிடைத்தது. வெள்ளவத்தையில் ஒருவர் தொடங்கினால் பின்பற்ற வேண்டிய முறை அதுதான். தொடர்மாடித் தண்ணீர்க் கட்டணம், பிறப்புச் சான்றிதழ் திருத்தம், வாடகை ஒப்பந்தம் என்று அயலவரின் கேள்விகளை வாட்ஸ்அப் குரல்பதிவாகவே வாங்கி, அந்தக் குரலோடு சேர்த்தே விடையையும் ஒலிக்கவிடலாம்.