செல்லையா யார் பக்கம்?

'நேயர்களே' என்று தொடங்கியே பழகிவிட்ட வாய் இது. இங்கே 'வாசகர்களே' என்று மாற்றிச் சொல்லிக்கொள்கிறேன்.

எங்கள் கருத்துக்கள நிகழ்ச்சிக்காகப் பாலிக் புலாவ் போயிருந்தோம். பினாங்குத் தீவின் முதுகுப்புறம் என்பதுதான் அந்த மலாய்ப் பெயருக்கும் பொருள். ஜார்ஜ்டவுனிலிருந்து மலைப்பாதையில் வளைந்து வளைந்து இறங்கினால் தோப்பும் வயலும். டுரியான் பருவத்தில் படப்பிடிப்பு வைத்தது என் தவறு. பேச வந்தவர்களில் பாதிப் பேரின் மனம் வெளியே கூடையில் இருந்தது. அன்றைய தலைப்பு, போர்க்கால நாவல்களில் காதலும் விசுவாசமும்.

பேச எடுத்துக்கொண்ட நாவல் ப.சிங்காரத்தின் 'கடலுக்கு அப்பால்'. 1959-ல் வெளிவந்தது. கதை நடப்பது நம் பினாங்கில். வட்டிக்கடை முதலாளி வயிரமுத்துப் பிள்ளை, அவர் மகள் மரகதம், கடையில் வேலை பார்த்த செல்லையா. போர் வருகிறது. செல்லையா கணக்கு நோட்டை மூடிவைத்துவிட்டு இந்திய தேசிய இராணுவத்தில் சேர்கிறான். போர் முடிந்து திரும்பி வந்தால், மரகதம் அவனுக்கில்லை என்கிறார் முதலாளி.

இதைச் சொல்லி முடித்ததும் ஓர் இளைஞர் மைக்கை வாங்கினார். "அக்கா, செல்லையா வெள்ளைக்காரனுக்கு எதிரி, சரி. அப்படின்னா அவன் ஜப்பான்காரன் பக்கமா?"

பொதுமக்கள் தொடர்புத் துறையில் நான் டிப்ளோமா படித்தபோது, எந்த விஷயத்துக்கும் இரண்டு பக்கம் உண்டு, இரண்டுக்கும் சம நேரம் கொடு என்று சொல்லித் தந்தார்கள். அன்றைக்கு அந்தப் பாடம் உதவவில்லை. ஏன் என்று சொல்ல, 1941-க்குப் போக வேண்டும்.

அந்த ஆண்டு டிசம்பர் 11-ஆம் தேதி ஜப்பானிய விமானங்கள் ஜார்ஜ்டவுன் மேல் குண்டு போட்டன. விமானம் பார்க்கத் தெருவுக்கு வந்து நின்ற கூட்டத்தின் மீதே விழுந்தது. 16-ஆம் தேதி இரவு வெள்ளைக்காரர்களை மட்டும் சத்தமில்லாமல் கப்பலேற்றி அனுப்பியது ஆங்கிலேய அரசு. மற்றவர்களிடம் சொல்லிக்கொள்ளவும் இல்லை. கார்ன்வாலிஸ் கோட்டையில் ஆங்கிலேயக் கொடி மட்டும் பறந்துகொண்டிருந்தது. அதைக் கண்டால் மறுபடி குண்டு விழும் என்று அந்தக் கொடியை இறக்கி வெள்ளைக்கொடி ஏற்றியவர், 'ஸ்ட்ரெய்ட்ஸ் எக்கோ' ஆங்கில நாளிதழின் ஆசிரியர் மாணிக்கசோதி சரவணமுத்து. இலங்கைத் தமிழர். நகரில் ஆங்கிலேயர் யாரும் இல்லை, குண்டு போடாதீர்கள் என்று பினாங்கு வானொலியில் ஜப்பானியருக்கு அறிவித்தவரும் அவரே. அதற்காக அவர் ஜப்பானியரின் ஆளாகிவிட்டாரா? அதே ஜப்பானியர் பிறகு அவரைச் சிறையில் தள்ளினார்கள்.

19-ஆம் தேதி ஜப்பானியர் தீவுக்குள் வந்தனர். நேற்றுவரை ராஜ விசுவாசம் பேசியவர்களை ராஜாவே விட்டுவிட்டுப் போய்விட்டார். இனி யாருக்கு விசுவாசம்? இந்தக் கேள்வி தெரியாமல் செல்லையா படையில் சேர்ந்ததைப் புரிந்துகொள்ள முடியாது.

அவனைப் போன்றவர்களுக்கு விடையாக வந்தது இந்திய சுதந்திரப் போராட்டம். பினாங்கிலேயே 'சுயராஜ்ய நிலையம்' என்ற பெயரில் ஒற்றர் பயிற்சிப் பள்ளி நடந்தது. அங்கே பயிற்சி பெற்ற இளைஞர்கள் 1942 செப்டம்பரில் ஜப்பானிய நீர்மூழ்கிக் கப்பலில் இந்தியாவுக்கு அனுப்பப்பட்டார்கள். பிடிபட்டார்கள். அவர்களில் ஒருவரான வக்கம் அப்துல் காதரை 1943 செப்டம்பர் 10-ஆம் தேதி சென்னைச் சிறையில் தூக்கிலிட்டார்கள். இருபத்தாறு வயது. இந்தியாவுக்கு அவர் தியாகி, ஆங்கிலேயச் சட்டத்துக்கு எதிரியின் ஒற்றர்.

1943 ஜூலையில் நேதாஜி சிங்கப்பூர் வந்ததும் அலை பெரிதாயிற்று. பால்மரம் வெட்டியவர்களும் கடைப்பையன்களும் படையில் சேர்ந்தார்கள். ஜான்சி ராணிப் படையில் தோட்டத்துப் பெண்கள் துப்பாக்கி பிடித்தார்கள். நேதாஜி சுதந்திர இந்திய அரசை அறிவித்தது அந்த ஆண்டு அக்டோபர் 21. அதே அக்டோபரில்தான் சயாம் மரண ரயில் பாதையின் இரு முனைகளும் வந்து சேர்ந்தன. அதைப் போட மலாயாத் தோட்டங்களிலிருந்து பல பத்தாயிரம் தமிழர்களைக் கொண்டுபோனது, நேதாஜிக்குத் துணை நின்ற அதே ஜப்பான்தான்.

இதை நான் நிகழ்ச்சியில் சொன்னபோது அரங்கம் அமைதியாகிவிட்டது. ஒரே லயத்தில் ஒரு வீட்டுப் பிள்ளை நேதாஜி படையில், பக்கத்து வீட்டுப் பிள்ளை சயாம் காட்டில் காலராவில். ரயிலுக்குப் பிடித்துக்கொண்டு போகாமல் தப்பிக்கவே படையில் சேர்ந்தவர்களும் உண்டு. அதை விசுவாசம் என்பதா, உயிர் ஆசை என்பதா?

எல்லையும் நிலையாக நிற்கவில்லை. அதே மாதம் கெடா, பெர்லிஸ், கிளந்தான், திரெங்கானு நான்கையும் ஜப்பான் சயாமுக்குக் கொடுத்துவிட்டது. பினாங்குக்காரர் செபராங் பிறை தாண்டி மூடா ஆற்றைக் கடந்தால் அந்தப் பக்கம் வேறு நாடு. ஆங்கிலேயர் திரும்பி வந்த 1945-ல் மறுபடி ஒரே மலாயா. நான்கே ஆண்டுகளில் மூன்று கொடி பார்த்த மக்களிடம் 'நீ எந்தப் பக்கம்' என்று கேட்பது சுலபம்.

இப்போது மரகதத்திடம் வருவோம். நம் சினிமாவாக இருந்தால் காதலைப் பிரிக்க ஒரு ஜப்பானிய அதிகாரி வந்திருப்பான். சிங்காரம் அப்படி எழுதவில்லை. பிரிப்பது அப்பா. அதுவும் கெட்டவர் அல்ல. குண்டு வீச்சில் மகனைப் பறிகொடுத்தவர். கடையை யார் கையில் விடுவது என்பதுதான் அவர் கவலை. துப்பாக்கி பிடித்த கை இனித் தராசுக்கும் பேரேட்டுக்கும் அடங்காது என்பது அவர் கணக்கு.

அந்தக் கணக்கையும் அலட்சியமாகப் பார்க்கக் கூடாது. வட்டித்தொழில் முழுக்க வாக்கின் மேல் நிற்பது. போருக்கு முன் நல்ல வெள்ளியில் கொடுத்த கடனை, போர்க்காலத்தில் ஜப்பானியரின் வாழைமர நோட்டில் திருப்பிக் கொடுத்தார்கள். 1945 செப்டம்பரில் ஆங்கிலேயர் வந்ததும் அந்த நோட்டு வெறும் காகிதம். பிறகு 1948-ல் இதற்கென்றே தனிச் சட்டம் போட வேண்டி வந்தது. எல்லாம் காகிதமாகிப்போன நேரத்தில் ஒரு தகப்பன், நிலையான ஆள் வேண்டும் என்று தேடுவது எனக்குப் புரிகிறது. ஆனால் மரகதத்தை யாரும் கேட்கவில்லையே என்பதும் மனதை உறுத்துகிறது. நாவலில் அவளுக்குப் பேச்சு குறைவு. அது சிங்காரத்தின் குறையா, அந்தக் காலத்தின் குறையா என்று எங்கள் அரங்கில் பெரிய சண்டையே நடந்தது. நான் இரண்டும் என்பேன்.

சிங்காரம் சிவகங்கைப் பக்கம் சிங்கம்புணரிக்காரர். 1938-ல் மேடானுக்குக் கடைவேலைக்குப் போனவர். அங்கேயே மணமுடித்து, மனைவியையும் பிள்ளையையும் பிரசவத்தில் இழந்தவர். போருக்குப் பின் ஊர் திரும்பி மதுரையில் தினத்தந்தியில் வேலை பார்த்தார். இரண்டே நாவல்கள்தான் எழுதினார். 1972-ல் வந்த 'புயலிலே ஒரு தோணி'யின் நாயகன் பாண்டியன், நேதாஜி படையோடும் நிற்கவில்லை. இந்தோனேசியாவுக்குப் போய் டச்சுக்காரர்களை எதிர்த்துச் சண்டையிட்டுச் சாகிறான். எந்த மண்ணுக்காக?

இது தமிழர் கதை மட்டும் என்று நினைத்துவிடாதீர்கள். பினாங்கில் பிறந்த டான் ட்வான் எங் 2007-ல் ஆங்கிலத்தில் எழுதிய 'தி கிஃப்ட் ஆஃப் ரெய்ன்' நாவலில் பிலிப் என்ற இளைஞன். தகப்பன் ஆங்கிலேயர், தாய் சீனர். ஒரு ஜப்பானியரிடம் அய்கிடோ கற்று அவர் மேல் உயிராகிறான். தீவை அவருக்குச் சுற்றிக் காட்டுகிறான். அவர் எதற்காகத் தீவைப் பார்த்தார் என்பது பிறகுதான் விளங்குகிறது. போர் வந்ததும் குடும்பத்தைக் காக்க ஜப்பானியரிடமே வேலைக்குச் சேர்கிறான். அங்கேயும் அதே கேள்வி, இவன் யார் பக்கம்?

படப்பிடிப்பு முடிந்து விளக்குகளை இறக்கிக்கொண்டிருந்தோம். அதுவரை பின்வரிசையில் பேசாமல் இருந்த ஒரு பாட்டி என் கையைப் பிடித்தார். தொண்ணூறைத் தாண்டியவர். குண்டு விழுந்தபோது டவுனிலிருந்து தீவின் இந்தப் பக்கம் ஓடி வந்த குடும்பம். கேமரா வேண்டாம், பெயர் வேண்டாம், எழுது என்றார்.

அவருடைய அக்காவுக்குப் பேசி வைத்திருந்த மாப்பிள்ளை நேதாஜி படையில் சேர்ந்தாராம். அண்ணனைச் சயாமுக்குக் கொண்டுபோனார்களாம். மாப்பிள்ளை திரும்பி வந்தார், அண்ணன் வரவில்லை. கல்யாணத்துக்கு அப்பா சம்மதித்தார், அம்மா சம்மதித்தார். வேண்டாம் என்று சொன்னது அக்காதான்.

"அவரும் நல்லவருதான் தாயி. ஆனா எங்க அண்ணனக் கொண்டுபோனவன் கொடியும் அவரு கொடியும் பக்கத்துல பக்கத்துல பறந்துச்சே. அக்கா அதப் பாத்துருக்கா."

"அக்கா அப்புறம் அவரைப் பார்த்தாங்களா பாட்டி?"

"பாக்காம என்ன? கோயில் திருவிழாவுல வருசா வருசம் பாப்பா. தண்ணி மோந்து குடுப்பா. பேச மாட்டா."

சற்று நேரம் கழித்து அவரே கேட்டார். "அந்தக் கதையில வர்ற பொண்ணுக்குப் புள்ளைங்க இருக்கா?"

கதை அதுவரைக்கும் போகவில்லை பாட்டி என்றேன்.

"எங்க அக்காவுக்கு நாலு," என்றார். பேரன் மோட்டார் சைக்கிளைத் திருப்பிக்கொண்டு வந்து நிறுத்தினான். பாட்டி என் தோளைப் பிடித்து ஏறி உட்கார்ந்தார்.